வீடு என்னும் பள்ளி

வீடு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. நாம் குடியிருக்கும் மனை ஒன்று. அறம், பொருள், இன்பம் என்னும் மூன்றனுக்கும் அப்பால் நான்காவதாக வைத்து எண்ணப்பெறும் பேரின்ப நிலை மற்றொன்று. இரண்டும் 'விடு' என்னும் ஒரே வினையடியில் பிறந்தவை என்பர். பகலெல்லாம் சுமந்த சுமையை இறக்கி விடும் இடம் வீடு. பிறவியெல்லாம் சுமந்த சுமையை இறக்கி விடும் நிலையும் வீடு.

அறபு மொழியிலும் இத்தகையதோர் ஒற்றுமை காணக் கிடைக்கிறது. குடியிருப்பைக் குறிக்கும் 'மஸ்கன்' என்னும் சொல்லும், மன அமைதியைக் குறிக்கும் 'சுகூன்', 'சகீனத்' என்னும் சொற்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம், இல்லங்களை ஓய்வும் அமைதியும் தரும் இடங்களாக ஆக்கியதை இறைவனின் அருட்கொடைகளுள் ஒன்றாக எடுத்துக் கூறுகிறது. 30ஆம் அத்தியாயமோ, துணைவர் இருவரிடையே அன்பும் இரக்கமும் தோன்றியிருப்பதை அவனுடைய சான்றுகளுள் ஒன்றாகச் சிந்திக்கச் சொல்கிறது. வானும் மண்ணும் இரவும் பகலும் எண்ணப்படும் அதே வரிசையில் ஒரு சிறு குடும்பத்தின் பரிவும் எண்ணப்படுகிறது என்பது எண்ணி எண்ணி வியத்தற்குரியது.

இரு மொழிகளும் ஒருமித்துச் சான்று கூறுகின்றன. நம்முடைய வீடுகள் அச்சான்றுக்கு ஒத்து வருகின்றனவா? இதுவே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்பும் வினா.

தங்கும் விடுதியா, வாழும் இல்லமா?

இன்று நம்மில் பலருக்கு வீடு ஒரு தங்கும் விடுதியாகிவிட்டது. உண்பதற்கு வருகிறோம்; உறங்குவதற்கு வருகிறோம்; கைப்பேசிக்கு மின்னூட்டம் ஏற்றுவதற்கு வருகிறோம். அமைதி வேண்டுமென்றால் கடற்கரைக்குச் செல்கிறோம். ஈமான் வலுப்பெற வேண்டுமென்றால் பயான் நடைபெறும் இடத்தைத் தேடுகிறோம். மகிழ்ச்சி வேண்டுமென்றால் நண்பர்களைத் தேடுகிறோம். இவை யாவும் தவறென்று கூற வந்தோமில்லை. இவற்றுள் ஒன்றுகூட வீட்டில் கிடைக்காது என்று எப்போது, எவ்வாறு முடிவு செய்தோம் என்பதே நமது கேள்வி.

நம் சமுதாயத்தில் இதற்கு ஒரு காரணமும் உண்டு. வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைத்த தந்தையர் பலர், ஈராண்டுக்கு ஒருமுறை விருந்தினரைப்போல் தம் வீட்டிற்கு வந்து சென்றனர். எங்கள் வாப்பாவும் அவர்களுள் ஒருவர். ஒலிநாடாவில் பதிவு செய்து அவர் அனுப்பிய குரலைச் சுற்றி அமர்ந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இல்லம் கட்டுவதற்காக இல்லத்தைப் பிரிந்தவர்கள் அவர்கள். அத்தியாகத்தை எந்நாளும் மறத்தல் ஆகாது. ஆயினும், அயலகம் செல்லாமல் உள்ளூரிலேயே இருக்கும் நாமும் அதே விருந்தினர் வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறோமே, இதற்கு என்ன விடை கூறுவது?

ஒரு நோன்பு கற்பித்த பாடம்

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களின் இறுதியில், கொரோனா தொற்றின் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு அறிவிக்கப்பெற்றது. பள்ளிவாசல்களில் மக்கள் கூடித் தொழுவது நின்றது. ஏப்ரல் இறுதியில் புனித ரமலான் பிறந்தபோதும் அந்நிலை மாறவில்லை. பாங்கின் ஒலி வந்தது, செல்வதற்கு வழியில்லை. தராவீஹ் இல்லாத ரமலானா என்று எங்கள் நெஞ்சு கலங்கியது.

வேறு வழியின்றி வீட்டுக் கூடத்தில் பாய்களை விரித்தோம். அரபிக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்த தம்பி மகன், பதினேழு வயதுப் பிள்ளை, முன்னின்று தொழ வைத்தான். ஆண்கள் ஒரு வரிசை. சிறுவர்கள் ஒரு வரிசை. அவர்களுக்குப் பின்னே பெண்கள். முழங்கால் வலியுடைய எங்கள் உம்மா நாற்காலியில் அமர்ந்து தொழுதார். எழுபதைத் தொடவிருந்த அவருக்குத் தம் வாழ்நாளில் இருபது ரக்அத்தும் ஜமாஅத்தாகத் தொழக் கிடைத்த முதல் ரமலான் அதுவே. முதல் நாள் தொழுகை முடிந்ததும், ஓதிய பேரனின் தலையைத் தடவியவாறு அவர் கூறினார்: "இத்தனை வருஷமா நோன்பு நம்ம வாசலோட போயிரும். இந்த வருஷந்தான் வீட்டுக்குள்ள வந்து உக்காந்திருக்கு."

நாங்கள் வாயடைத்து நின்றோம். அரை நூற்றாண்டுக்கு மேலாக எங்களுக்கெல்லாம் சஹர் உணவும் நோன்புக் கஞ்சியும் ஆக்கித் தந்தவர் அவர். வெள்ளுடை உடுத்தி, நறுமணம் பூசி, நாங்கள் பள்ளிக்குப் புறப்படும்போதெல்லாம் பாத்திரங்களுக்கு நடுவே நின்றவர் அவர். எங்கள் வீட்டில் நோன்பு ஒரு விருந்தாளியாகக்கூட அவரிடம் வந்ததில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

அடுத்த பாடம் பத்தாம் நோன்பன்று வந்தது. துணைவியாருக்குக் கால் சுளுக்கிக்கொள்ள, அடுப்படி எங்கள் கைக்கு மாறியது. நொய்யரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் இட்டுக் கஞ்சி ஏற்றினோம். தேங்காய்ப்பால் பிழிவதில் முனைப்பாக இருந்தபோது கஞ்சி அடிபிடித்துவிட்டது. நோன்பு திறக்கும் நேரத்தில் ஒரு வாய் அருந்திய உம்மா, "அடிப்பிடிச்ச கஞ்சிக்கும் கூலி உண்டு, குடிங்க" என்றார். அன்று எழுந்த சிரிப்பு இன்றும் அக்கூடத்தில் ஒலிப்பதாகவே எங்களுக்குத் தோன்றுகிறது.

வகுப்பறையில் குறுந்தொகை நடத்தும்போதெல்லாம் கூடலூர் கிழாரின் ஒரு பாடலை விரும்பிக் கற்பிப்பது நமது வழக்கம். புதிதாக இல்லறம் ஏற்ற இளம்பெண் ஒருத்தி, தயிர் பிசைந்த கைவிரலை ஆடையில் துடைத்துக்கொண்டு, தாளிப்பின் புகை கண்ணில் படியத் தானே துழாவிச் சமைத்த குழம்பைக் கணவன் இனிதெனக் கூறி உண்கிறான். அவள் முகம் நுண்ணிதின் மலர்கிறது. இதுவே அப்பாட்டின் பொருள். பல்லாண்டுகள் அதன் நயத்தை மட்டுமே வியந்துரைத்து வந்தோம். அடிபிடித்த பாத்திரத்தைத் தேய்த்த அன்றுதான், அக்கண்ணில் படிந்த புகையையும் பாடலின் ஒரு பகுதியாகப் படிக்கக் கற்றோம்.

அமைதியை ஆக்குபவர் யார்?

இல்லத்தின் அமைதி தானே தோன்றுவதன்று. எவரோ ஒருவர் விழித்திருப்பதால் பிறர் உறங்குகின்றனர். எவரோ ஒருவர் நிற்பதால் பிறர் அமர்கின்றனர். எவரோ ஒருவருடைய தொழுகை சுருங்குவதால் பிறருடைய தொழுகை நீள்கிறது. அந்த எவரோ ஒருவர் பெரும்பாலும் நம் தாயாகவும் துணைவியாகவும் மகளாகவும் இருந்து வருகின்றனர். ஒருவருடைய களைப்பின்மீது மற்றவர் அமைதியைக் கட்டுவாராயின், அது பாதி வீட்டிற்கு மட்டும் கூரை வேய்ந்தது போலாகும்.

நம் மார்க்கத்தின் வரலாறு இதனைக் கற்பிக்கவில்லையா? ஹிரா குகையில் முதல் இறைச்செய்தி இறங்கியபோது, நடுங்கியவாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரைந்து சென்ற இடம் தம் இல்லமே. போர்த்தி, ஆறுதல் கூறி, அச்சம் போக்கியவர் அன்னை கதீஜா (ரலி) அவர்கள். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் நுபுவ்வத்துக் காண்டம் இந்நிகழ்ச்சியோடுதான் தொடங்குகிறது. மக்காவின் தொடக்க ஆண்டுகளில் முஸ்லிம்கள் கூடியதற்கும் கற்றதற்கும் இடமாக அமைந்தது அர்க்கம் (ரலி) அவர்களின் வீடு. பள்ளிவாசல்கள் எழும்பியது அதன் பின்னரே. வீட்டில் பெருமானார் (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. மேடைதோறும் சுன்னத்தைப் பேணுமாறு முழங்குகின்ற நாம், வீட்டு வேலை என்னும் இந்தச் சுன்னத்தை மட்டும் பெண்களுக்கென ஒதுக்கிவிட்டோம்.

தமிழ் மரபும் இல்லத்தைத் தாழ்வாக எண்ணவில்லை. திருக்குறளின் அறத்துப்பாலில் துறவறவியலுக்கு 13 அதிகாரங்கள் ஒதுக்கிய வள்ளுவர், இல்லறவியலுக்கு 20 அதிகாரங்களை ஒதுக்கினார். ஆண்டு பல ஆகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் வினவியவர்களுக்கு விடை கூறிய பிசிராந்தையார், மாண்புமிக்க மனைவியையும் மக்களையுமே முதற்கண் குறிப்பிட்டார். அரசனும் ஊர்ச் சான்றோரும் அதன் பின்னரே வந்தனர்.

இரு ஐயங்கள்

சமுதாயப் பெரியோர்கள் ஓர் ஐயம் எழுப்பலாம். வீட்டில் தொழுங்கள் என்று கூறினால் பள்ளியின் வரிசைகள் குறைந்துவிடாவோ என்பர். பள்ளியைக் குறைத்து வீட்டை உயர்த்துவது நம் கருத்தன்று. கடமையான தொழுகைக்குப் பள்ளியும், உபரித் தொழுகைகளுக்கு வீடும் ஏற்ற இடங்கள் என்பதே நாயக வழிமுறை. பள்ளியிலிருந்து திரும்புகின்றவர் பள்ளியின் பணிவையும் பொறுமையையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிடாமல் வீட்டிற்குள் கொண்டுவர வேண்டும் என்றே வேண்டுகிறோம். மேலும், நம் பெண்கள் ஜமாஅத்தோடு தொழ விரும்பினால் அவர்களுக்கு இடம் எங்கே என்பதையும் பெரியோர்கள் கனிவுடன் சிந்திக்க வேண்டுகிறோம்.

இரண்டாவது ஐயம் இன்னும் ஆழமானது. எல்லா வீடுகளும் அமைதியானவையா? அல்ல என்பதை நாம் அறிவோம். கதவு தட்டப்படும் ஓசைக்கே நடுங்கும் குழந்தைகள் உள்ள வீடுகளும் உண்டு. அங்குள்ள பெண்ணிடம் 'பொறுமையாக இரு, வீடு அமைதியாகும்' என்று அறிவுரை கூறுவது அறமாகாது. அச்சத்தால் விளையும் மௌனத்திற்கு அமைதி என்று பெயர் சூட்டுதல் கூடாது. அத்தகைய வீட்டில் நம் அறிவுரைக்கு உரியவன், கை ஓங்குபவனே ஆவான். ஜமாஅத்தார் அவனை அழைத்துப் பேசட்டும்; அவளுக்குப் பாதுகாப்புத் தேடித் தரட்டும்.

சின்னஞ்சிறு தொடக்கங்கள்

மாணவச் செல்வங்களே! பெரிய சபதங்கள் தேவையில்லை. நாள்தோறும் ஒரு வேளை உணவையேனும் வீட்டார் அனைவரும் ஒரே விரிப்பில் அமர்ந்து, கைப்பேசியைத் தொலைவில் வைத்து உண்ணுங்கள். பரிமாறுகின்றவரும் உடன் அமரும்வரை காத்திருங்கள். உண்ட தட்டை நீங்களே கழுவுங்கள். மஃரிபுக்குப் பின் கால் மணி நேரம் ஒருவர் ஓத, மற்றவர் கேளுங்கள். அதன்பின் ஒரு தமிழ்ப் பாடலையோ கதையையோ உரக்கப் படியுங்கள். முனாஜாத்துகளையும் மாலைகளையும் கிஸ்ஸாக்களையும் வீட்டுக் கூடங்களில் பாடிக் கேட்டு வளர்ந்த சமுதாயம் நம்முடையது. அரபுத் தமிழ் எழுத்தில் அவற்றைப் படித்துக் காத்தவர்களுள் நம் பாட்டிமார் பலர் இருந்தனர். அந்தக் குரல் தொலைக்காட்சிக்கு முன் அடங்கியது. கைப்பேசிக்கு முன் மறைந்தது. மீட்பது நம் கையில் உள்ளது. இவற்றோடு, வாரத்தில் ஒரு நாளேனும் அடுப்படியை ஆண்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். கஞ்சி அடிபிடித்தாலும் குற்றமில்லை.

எங்கள் வீட்டின் கதையையும் மறையாது கூறிவிடுகிறோம். பள்ளிவாசல்கள் மீண்டும் திறக்கப்பட்டதும் நாங்கள் மகிழ்ந்து ஓடினோம். அடுத்த ரமலானில் கூடத்துப் பாய்கள் சுருட்டப்பட்டபடியே இருந்தன. உம்மா ஒன்றும் கூறவில்லை. வழக்கம்போல் சஹருக்கு எழுப்பினார். அதற்கடுத்த ரமலானைக் காண அவர் இல்லை. வீட்டுக்குள் வந்து அமர்ந்த நோன்பை மறுபடியும் வாசலோடு அனுப்பியவர்கள் நாங்களே என்னும் எண்ணம் இன்றளவும் நெஞ்சை அறுக்கிறது. அதனாலேயே இப்போது ரமலானில் சில இரவுகளேனும் அப்பாய்களை விரிக்கிறோம். வீட்டுப் பெண்கள் அனைவரும் வந்து நின்ற பின்னரே தக்பீர் கட்டுகிறோம். பின்வரிசையில் அந்த நாற்காலி இருக்கிறது. அதில் இப்போது எங்கள் மாமியார் அமர்கிறார்.

பள்ளி என்னும் தமிழ்ச் சொல் கல்விக்கூடத்தைக் குறிக்கும். இறைவனை வணங்கும் இடத்தைக் குறிக்கும். உறங்கும் இடத்தையும் குறிக்கும். கற்கவும் வணங்கவும் கவலையின்றிக் கண்ணுறங்கவும் ஓரிடம் உண்டென்றால், அது வீடாகவே இருத்தல் வேண்டும். அவ்வுறக்கமும் அவ்வணக்கமும் வீட்டிலுள்ள அனைவருக்கும் வாய்த்தல் வேண்டும். நம் இல்லங்களை அத்தகைய பள்ளிகளாக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.