சாயத் தண்ணீரும் இறால் ஓடும்

இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் துறைகளில் கரை சேரும் இறாலை உரித்தால், தலையும் ஓடுமாக எடையில் ஏறக்குறையப் பாதி கழிவாகப் போகிறது. அதே ஜில்லாவில் பரமக்குடியிலும் எமனேஸ்வரத்திலும், வைகையின் இரு கரையிலும், நெசவாளர் குடும்பங்கள் தறியை நம்பி வாழ்கின்றன. தறி ஓட நூலுக்குச் சாயம் ஏற்ற வேண்டும். சாயம் ஏற்றினால் சாயத் தண்ணீர் மிஞ்சும். அந்தக் கழிவைக் கொண்டு இந்தக் கழிவைத் தெளிய வைக்கலாம் என்று விஞ்ஞானம் சொல்லி முப்பது வருஷங்களுக்கு மேலாகிறது. சொன்னது ஏன் நடைமுறைக்கு வரவில்லை? நாம் கேட்பது இதுதான்.

விளங்காத வித்தை எதுவும் இதில் இல்லை. பருத்தி நூலுக்குப் போடும் ரீயாக்டிவ் சாயம் முழுவதும் நூலில் பிடிப்பதில்லை. நூற்றுக்குப் பத்துப் பங்கு முதல், சில வேளைகளில் நாற்பது பங்கு வரை தண்ணீரோடு போய்விடுகிறது. வெயிலுக்கும் சோப்புக்கும் அசையாதபடி செய்யப்பட்ட சாயம் அது. சேலையில் அது நல்ல குணம். ஆற்றில் அதுவே கேடு. வைகைத் தண்ணீர் இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போகிறது. மிஞ்சிய வெள்ளம் ஆற்றங்கரைக் கிராமத்தருகே கடலில் விழுகிறது. ஆகவே இது நெசவாளியின் பிரச்னை மட்டுமல்ல. விவசாயிக்கும் மீனவருக்கும் சேர்த்து வந்த பிரச்னை.

இறால் ஓட்டை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தை நீக்கி, காஸ்டிக் சோடாவில் காய்ச்சினால் கைட்டோசான் என்ற பொருள் கிடைக்கிறது. சற்றே அமிலம் கலந்த நீரில் இது நேர் மின்னேற்றம் பெறுகிறது. பருத்திக்கும் பட்டுக்கும் போடும் சாயங்களில் பெரும்பாலானவை எதிர் மின்னேற்றம் கொண்டவை. ஒன்றை ஒன்று இழுக்கிறது, சாயம் ஒட்டிக்கொள்கிறது, தண்ணீர் தெளிகிறது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் கைட்டோசான் செய்யும் முறையை வகுத்து வெகு காலமாயிற்று.

இறால் ஓடு மட்டுமா? கோயமுத்தூர் பாரதியார் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் நமசிவாயமும் அவருடன் உழைத்தவர்களும் 1990-களிலேயே ஆரஞ்சுத் தோல், வாழைத்தண்டுச் சக்கை, தென்னை நார்க் கழிவு ஆகியவற்றைச் சாய நீரில் சோதித்துக் காட்டினார்கள். 1985 வரை இராமநாதபுரம் ஜில்லாவில் இருந்த சிவகாசியில், அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் தேங்காய்ச் சிரட்டை, நிலக்கடலைத் தோல், உமி, வைக்கோல் ஆகியவற்றைக் கரியாக்கிச் சாயத்தை உறிஞ்சவைத்த முடிவுகளை 2001-ல் வெளியிட்டார்கள். எல்லாம் நம் வீட்டிலும் வயலிலும் கிடக்கும் பொருள்கள்!

ஆனால் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஓடும் சக்கையும் நிறத்தைத்தான் எடுக்கும், உப்பை எடுக்காது. கடும் நிறம் ஏற்ற லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல் உப்புப் போடுகிறார்கள். அந்த உப்பு தெளிந்த நீரிலும் அப்படியே நிற்கும். திருப்பூர் தந்த பாடம் இது. நொய்யலில் 1992-ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தொட்டியாக மாறியது. விவசாயிகள் கோர்ட்டுப் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. ஏற்றுமதி லாபம் எடுத்தவர்கள் ஒரு பக்கம் இருக்க, வேலையிழந்து நின்றவர்கள் யார்? தொழிலாளிகள்!

ஆகவே இரண்டு பேச்சுகளை நாம் மறுக்கிறோம். “இறால் ஓட்டைக் கொட்டினால் போதும், எல்லாம் சரியாகிவிடும்” என்பது ஒன்று. நிறம் போன தண்ணீரைச் சுத்தமான தண்ணீர் என்று காட்டிப் பெரிய ஆலைகள் தப்பிக்க இது வழி செய்யும். “சிறு பட்டறைகளை மூடிவிடு” என்பது மற்றொன்று. கோடிக்கணக்கில் செலவாகும் சுத்திகரிப்பு நிலையத்தை நாலு தொட்டி வைத்திருக்கும் சாயக்காரர் எப்படிக் கட்டுவார்? மூடினால் அவரோடு நெசவாளியும் சேர்ந்து விழுவார்.

வழி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அது கூட்டுறவு வழி. தனி ஆள் ஓடு சேர்த்து, அமிலம் வாங்கி, கைட்டோசான் காய்ச்ச முடியாது. பரிசோதனைச் சாலையில் ஒரே சாயத்தைக் கரைத்துப் பார்த்த கணக்கு, உப்பும் சோடாவும் கஞ்சியும் கலந்த பட்டறைத் தண்ணீரில் அப்படியே பலிக்காது. பட்டறை வாசலிலேயே சோதிக்க வேண்டும். அதற்குப் பணமும் பொறுமையும் தேவை. லாபம் உடனே தெரியாத காரியத்தில் முதலாளி பணம் போடமாட்டார். மக்கள் வரிப்பணத்தில் பிறந்த ஆராய்ச்சியை மக்களிடம் கொண்டு வருவது சர்க்காரின் கடமை.

நமது கோரிக்கைகள் இவை:

ஒன்று: பரமக்குடி வட்டாரத்தில் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களின் பொறுப்பில், சர்க்கார் செலவில், பொதுச் சாயச்சாலையும் சோதனைச் சுத்திகரிப்பு நிலையமும் அமைக்க வேண்டும். நிறத்தோடு உப்பையும் அளந்து ஊரறிய எழுதிப் போட வேண்டும்.

இரண்டு: இறால் உரிக்கும் பெண்களின் கூட்டுறவுகள் மூலம் ஓட்டை விலை கொடுத்து வாங்க வேண்டும். குப்பைக்கு விலை வந்ததும் தரகர் நுழைந்து லாபத்தைச் சுருட்டிக்கொள்ள விடக்கூடாது.

மூன்று: கைட்டோசான் காய்ச்சும் இடத்தின் அமில நீரும், சாயம் குடித்த ஓடும் மறுபடி ஆற்றிலோ கடற்கரையிலோ கொட்டப்படாமல் காக்க வேண்டும். ஓர் ஊரின் அழுக்கை இன்னோர் ஊருக்கு மாற்றுவது சுத்திகரிப்பாகாது.

மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. கடலைக் காப்பதாகச் சொல்லி மீனவருக்குக் கட்டளை போடத் தெரிந்த சர்க்காருக்கு, கடலுக்கு வரும் ஆற்றைக் காக்கவும் தெரிய வேண்டும். நெசவாளியும் மீனவரும் விவசாயியும் தனித்தனியே மனுக் கொடுத்தது போதும். மூவரும் ஒரே மனுவோடு கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கட்டும்!