மணியும் மன்னனும்

சென்ற திங்கள் நம் சங்கத்தின் ஆதரவில் நடைபெற்ற சொற்போரை அன்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "போர் நிறுத்தத்தைக் கண்காணிக்க அயல்நாட்டார் வருவதால் பயன் உண்டா?" என்பது பொருள். "இல்லை" என்னும் பக்கத்தில் நின்று நான் பேசினேன். படைக்கலம் இல்லாத கண்காணிப்பாளன் கொல்லையில் நட்ட வைக்கோற் பொம்மை. முதல் நாள் குருவி அஞ்சும், மூன்றாம் நாள் அதன் தலையிலேயே வந்து அமரும் என்றேன். கைதட்டல் எழுந்தது. நடுவர்கள் பரிசும் அளித்தனர். அந்தப் பரிசுக்கு நான் உரியவன் அல்லன் என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

கூட்டம் கலைந்தபின் ஆராய்ச்சி மாணவியார் ஒருவர் என்னிடம் வந்தார். இலங்கையின் வடபகுதியைச் சேர்ந்தவர். பெயரும் ஊரும் வேண்டா என்று கேட்டுக்கொண்டார். ஆதலின் அக்கா என்றே குறிப்பிடுகிறேன்.

"தம்பி, நீர் நல்லாப் பேசினீர். ஒண்டு மட்டும் சொல்லுறன். 2003ஆம் ஆண்டு எங்கட அண்ணாவுக்குப் பதினைஞ்சு வயது. பள்ளிக்கூடத்தாலை வரேக்கை பிடிச்சுக்கொண்டு போட்டினம். அம்மா கண்காணிப்புக் குழுவின்ரை கந்தோருக்கு மூண்டு தரம் போனவ. அவை எல்லாத்தையும் கேட்டு எழுதினவை. அண்ணா திரும்பி வரேல்லை. ஆனால், அண்ணா தானாப் போகேல்லை, பிடிச்சுக்கொண்டுதான் போனவை எண்டதுக்கு உலகத்திலை இருக்கிற ஒரே எழுத்து அண்டைக்கு அந்தக் கந்தோரிலை எழுதினதுதான்."

இவ்வளவே அவர் சொன்னது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் முதல் நூலகத்தில் அமர்ந்து, நான் பேசுமுன் படித்திருக்க வேண்டியவற்றைப் பேசிய பின் படித்தேன். படித்ததை உங்கள்முன் வைக்கிறேன்.

இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் நிறுத்த உடன்படிக்கை 2002 பிப்ரவரி 22இல் ஏற்பட்டது. நடுநின்று உதவியது நார்வே. உடன்படிக்கை காக்கப்படுகிறதா என்று பார்க்க நார்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாட்டவரைக் கொண்ட கண்காணிப்புக் குழு ஒன்று அமைந்தது. அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய ஆறு இடங்களில் மாவட்டக் குழுக்கள் இயங்கின. ஒவ்வொன்றிலும் அரசு நியமித்தவர் இருவர், புலிகள் நியமித்தவர் இருவர், தலைவராக அயல்நாட்டவர் ஒருவர். ஓய்வு பெற்ற நீதிபதிகள், அரசு ஊழியர்கள், சமயத் தலைவர்கள் போன்றோரை இக்குழுக்களில் அமர்த்தலாம் என்று உடன்படிக்கையே கூறியது. ஊரறிந்த பெரியவர்முன் ஊரார் வாய் திறப்பர் என்ற நம்பிக்கைதான்.

உடன்படிக்கையின் எந்தச் சொல்லுக்கும் இறுதிப் பொருள் உரைக்கும் உரிமை குழுவின் தலைவருக்கு இருந்தது. "இது மீறல்" என்று அவர் தீர்ப்புச் சொல்லலாம். ஆனால் அத்தீர்ப்பை மீறியவனை என் செய்வது? அதற்கு உடன்படிக்கையில் ஒரு வரியும் இல்லை. எந்தத் தரப்பும் பதினான்கு நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாம் என்பதற்கு மட்டும் வரி இருந்தது!

இங்கே நம் நாட்டுப் பழங்கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. திருவாரூரில் மனுநீதிச் சோழன் கட்டிவைத்த ஆராய்ச்சி மணியைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கன்றை இழந்த பசுவும் வந்து அடிக்கலாம் என்பது அம்மணியின் பெருமை. ஆனால் சற்றே எண்ணிப் பாருங்கள். அக்கதையில் நீதி செய்தது மணியா? அன்று! ஓசை கேட்டு எழுந்து வந்த மன்னன். மன்னன் எழாத ஊரில் மணியை எத்தனை முறை அடித்தால் என்ன? அதற்காக, மணி பயனற்றது என்று கழற்றி எறிவது அறிவுடைமை ஆகுமா? சொற்போர் மேடையில் நான் செய்தது அதுவே.

இலங்கையில் மணி ஒலிக்காமல் இல்லை. 2007 ஏப்ரல் இறுதி வரை குழு தீர்ப்புச் சொன்ன மீறல்களில் 3,800க்கும் மேற்பட்டவை புலிகளைச் சாரும். ஏறத்தாழ 350 அரசைச் சாரும். முன்னதில் சிறுவர்களைப் படையில் சேர்த்தது பெரும் பகுதி. தமிழராகிய நாம் இந்த எண்ணைக் கண்டு முகம் திருப்பிக்கொள்ளல் ஆகாது. அந்தச் சிறுவர்களும் தமிழ்த் தாய்மார் பெற்ற பிள்ளைகளே. அவர்களுக்காக மணியடித்தவர்களும் அத்தாய்மாரே. அதே வேளையில், எண்ணிக்கை வேறு, எடை வேறு என்பதையும் மறத்தல் ஆகாது. ஒரு மீறல் ஒரு சோதனைச் சாவடித் தொல்லையாக இருக்கலாம். மற்றொன்று பதினேழு உயிர்களாக இருக்கலாம்.

பதினேழு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. 2006 ஆகஸ்டுத் தொடக்கத்தில், மூதூரில், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர் பதினேழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அம்மாதம் முடிவதற்குள் கண்காணிப்புக் குழு, பொறுப்பு அரசுப் படையினரைச் சாரும் என்று வெளிப்படையாகக் கூறியது. அரசு மறுத்தது. அதற்கு முன், அதே ஆண்டு மே மாதத்தில், 710 படைவீரர்களை ஏற்றிச் சென்ற கப்பலொன்றைப் புலிகளின் படகுகள் தாக்கியபோது, அக்கப்பலில் கண்காணிப்பாளரும் இருந்தார். அதனையும் கடுமையான மீறல் என்று குழு கூறியது. இரு பக்கமும் கூறியது. இரு பக்கமும் கேட்கவில்லை.

பிறகு நடந்தவை என்ன? 2006 மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. ஒன்றிய நாடுகளின் கண்காணிப்பாளர் வெளியேற வேண்டும் என்று புலிகள் கூறினர். சுவீடனும் டென்மார்க்கும் பின்லாந்தும் சென்றன. நார்வேயும் ஐஸ்லாந்துமே எஞ்சின. 2008 சனவரி 2இல் அரசு உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக முடிவெடுத்தது. பதினான்கு நாள் கழிந்தது. சனவரி 16ஆம் நாளோடு குழுவின் பணியும் முடிந்தது. ஒரு பக்கம் மணியின் நாவைப் பாதி அறுத்தது. மறுபக்கம் மணியையே கழற்றியது.

அவ்வாண்டு செப்டம்பரில் வன்னியில் இருந்த ஐக்கிய நாடுகள் அலுவலர்களும் தொண்டு நிறுவனத்தாரும் அரசின் கட்டளைப்படி வெளியேற நேர்ந்தது. அப்போது கிளிநொச்சியில் மக்கள் ஐ.நா. அலுவலகத்தின்முன் திரண்டு, "எங்களை விட்டுப் போகாதீர்கள்" என்று வேண்டினர். இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அலுவலகத்தார் கையில் துப்பாக்கி இல்லை என்பது அம்மக்களுக்குத் தெரியாதா? குண்டை அவர்கள் கையால் தடுக்க மாட்டார்கள் என்பது தெரியாதா? எல்லாம் தெரிந்தே கெஞ்சினர். பார்ப்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அதன் இறுதிக் கட்டத்தில் மாண்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கக்கூடும் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் எழுதியது; இலங்கை அரசு அக்கணக்கை ஏற்கவில்லை. இன்றளவும் எண்ணிக்கையே வழக்காக நிற்பது ஏன்? எண்ணுவதற்கு ஆள் இல்லாமற் செய்யப்பட்டதால் அன்றோ?

தில்லியில் படிக்கும் நமக்கு இது தொலைவிலுள்ள செய்தி அன்று. 1954இல் ஜெனீவாவில் இந்தோசீனப் போர் நிறுத்தம் ஏற்பட்டபோது, வியட்நாம், லாவோஸ், கம்போடியா மூன்றிலும் அதனைக் கண்காணித்த ஆணையங்களுக்குத் தலைமை தாங்கியது இந்தியா. உடனிருந்தவை கனடாவும் போலந்தும். அப்பணியில் தலைமைப் பொறுப்பு வகித்தவருள் ஒருவர் தமிழர், திரு. கோ. பார்த்தசாரதி. பின்னாளில் இந்நகரின் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். 1983க்குப் பின் இலங்கைச் சிக்கலில் இந்தியாவின் தூதராக நடந்தவரும் அவரே. வியட்நாமில் 1956இல் நடக்க வேண்டிய பொதுத் தேர்தல் நடக்கவில்லை. ஆணையம் இருக்கும்போதே பெரும்போர் மூண்டது. அங்கும் மணி இருந்தது. கயிற்றின் மறுமுனை இலண்டனிலும் மாஸ்கோவிலும் கட்டப்பட்டிருந்தது. அங்கே எழுந்து வருவோர் இல்லை.

"அப்படியானால் உன் பழைய வாதமே வென்றது" என்று நண்பர் ஒருவர் சொன்னார். இல்லை. மன்னன் எழுந்த இடமும் உண்டு.

இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தைப் பாருங்கள். ஒரே மண், இரண்டு முறை கண்காணிப்பு. 2002 டிசம்பரில் முதல் உடன்பாடு. தாய்லாந்து, பிலிப்பைன்சு நாட்டவர் கண்காணிக்க வந்தனர். அவர்களுடைய அலுவலகங்கள் தாக்கப்பட்டன. ஆறு மாதம் நிறைவதற்குள், 2003 மே மாதத்தில், இராணுவச் சட்டம் வந்தது. பின்னர் 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை. 2005 ஆகஸ்டு 15இல் எல்சிங்கியில் இரண்டாம் உடன்பாடு. ஐரோப்பிய ஒன்றியமும், நார்வே, சுவிட்சர்லாந்தும், தென்கிழக்காசிய நாடுகள் ஐந்தும் சேர்ந்து கண்காணித்தன. இவர்கள் கையிலும் துப்பாக்கி இல்லை. ஆனால் உடன்பாட்டில் ஒரு வரி இருந்தது: பூசல் எழுந்தால் குழுத் தலைவரின் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும், அவராலும் தீராவிடில் மேல்முறை இன்னது, இறுதி முடிவு இன்னாருடையது. போராளிகள் 840 படைக்கலங்களை நான்கு தவணையாக ஒப்படைத்தனர். ஒவ்வொரு தவணைக்கும் ஈடாக அரசும் வெளியிலிருந்து வந்த படையின் ஒரு பகுதியைத் திருப்பி அழைத்தது. 2006 டிசம்பரில் தேர்தல் நடந்தது. முன்னாள் போராளி ஒருவரே ஆளுநரானார். கண்காணிப்பாளர் வேலை முடித்து வீடு திரும்பினர்.

ஆச்சேயில் இரு தரப்பும் அமைதியை விரும்பின, அதனால் வென்றது என்பீர்கள். மெய்தான். பேரலை இலங்கையையும் அடித்தது; அங்கு விருப்பம் பிறக்கவில்லை. ஆயினும் விருப்பம் என்பது காலையில் இருந்து மாலையில் மறைவது. இருக்கும்போதே அதை எழுத்தில் கட்டிவைப்பதுதான் உடன்படிக்கை எழுதுவோரின் திறம். ஆச்சேயில் கட்டினார்கள், இலங்கையில் கட்டவில்லை.

ஆகவே என் கருத்து இது. இனி எந்த நாட்டிலாவது போர் நிறுத்தம் என்று செய்தி வந்தால், எத்தனை கண்காணிப்பாளர் செல்கின்றனர் என்று மட்டும் கேளாதீர்கள். அவர்கள் சொல்லும் தீர்ப்பை மீறினால் விளைவு என்ன என்று எழுதப்பட்டிருக்கிறதா? அறிக்கை மக்கள் கண்ணில் படுமா, பெட்டிக்குள் போகுமா? ஒரு தாய் அஞ்சாமல் சென்று தட்டக்கூடிய கதவு இருக்கிறதா? கண்காணிப்பாளரை ஒரு தரப்பு மட்டும் நினைத்த மாத்திரத்தில் வெளியேற்ற முடியுமா? இந்த நான்கையும் கேளுங்கள். நான்கிற்கும் நல்ல விடை இல்லையெனில் கண்காணிப்பாளரைப் பழிக்காதீர்கள். கையெழுத்திட்டவர்களையும் உடன் நின்று படம் எடுத்துக்கொண்டவர்களையும் கேளுங்கள்.

மற்றொன்று. மக்களாட்சியில் மன்னன் யார்? நாமே என்று மேடைதோறும் முழங்குகிறோம். அப்படியானால் உலகின் எந்த மூலையில் மணி ஒலித்தாலும் எழ வேண்டிய செவிகளில் நம் செவியும் ஒன்று. அறிக்கை வரும்போது படிக்காமல், போர் முடிந்தபின் கண்ணீர்க் கூட்டம் கூட்டுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. நானும் அப்பழக்கத்தில் வளர்ந்தவனே. பிறரைச் சாட்டி நான் தப்ப விரும்பவில்லை.

பரிசாக வந்த நூலைச் சங்க நூலகத்தில் சேர்த்துவிட்டேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்கச் சென்றபோது, "அதுக்கென்ன தம்பி, அடுத்த முறை மற்றப் பக்கம் நிண்டு பேசும்" என்றார். பேசுவேன். அன்று கைதட்டல் குறைவாக இருந்தாலும் குறையில்லை.