கல்லறையைப் பார்த்தாச்சு, வீட்டுப் பெட்டியைத் திறந்தீர்களா?

கொஞ்சம் நீளமாக எழுதியிருக்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

பொங்கல் லீவுக்கு வந்த பேரன், "ஆயா, பழவேற்காட்டுல எலும்புக்கூடு செதுக்கின கல்லறை இருக்காமே, ரீல்ஸ்ல பார்த்தேன், கூட்டிட்டுப் போ" என்றான். பொன்னேரியில் பஸ் ஏறினோம். ஏரியில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. டச்சுக்காரர் கல்லறை வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு. உள்ளே ஒவ்வொரு கல்லிலும் பெயர், வருஷம் எல்லாம் அழகாகச் செதுக்கியிருக்கிறார்கள். 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இருந்த இடம் புதர் மண்டிக் கிடக்கிறது.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவிட்டுப் பேரன் கேட்டான்: "வந்தவங்க பேரெல்லாம் கல்லுல இருக்கு. நம்ம ஆளுங்க அப்போ என்ன பண்ணாங்க ஆயா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 34 வருஷம் பாடம் நடத்தியவள் நான். பானிபட் போர் 1526 என்று எத்தனை பிள்ளைகளை ஒப்பிக்க வைத்திருக்கிறேன்! ஏரிக்கரைப் பிள்ளைகளிடம் ஏரியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அது என் குறைதான்.

அங்கிருந்து தோணிரேவுக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனோம். ரேவு என்றால் துறை. தோணி வந்து கரை சேர்ந்த இடம். ஊர்ப் பெயரே ஒரு சரித்திரம்தான். பழைய வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். தகரப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, தாத்தாவின் கட்டம் போட்ட கைலியை அண்ணி தரை துடைக்கக் கிழிக்கப் போனார். ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன்.

ஏன் என்றால், மலேசியாவில் இருக்கும் என் மாணவன் ஒருவன் முன்பு போனில் சொன்னான், "டீச்சர், இங்க கட்டம் போட்ட கைலிக்குக் காயின் பெலிகாட்னு பேரு." காயின் என்றால் மலாயில் துணி. பெலிகாட் நம்ம பழவேற்காடு! டச்சுக்காரர்கள் இந்தக் கரைக்கு வந்ததே துணிக்காகத்தான். இங்கே துணி வாங்கி, கிழக்குத் தீவுகளில் கொடுத்து, கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். பேரன் கேட்டதற்குப் பாதி பதில் அந்தக் கைலியில் இருந்தது. நம்ம ஆட்கள் நெய்தார்கள், சாயம் போட்டார்கள், தோணியில் ஏற்றினார்கள்.

மீதிப் பதில் வலிக்கும். துணியோடு மனிதர்களையும் ஏற்றினார்கள். பஞ்ச காலங்களில் ஆயிரக்கணக்கானவர்களை இந்தக் கரையோரத்திலிருந்து அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கொண்டு போனார்கள். அவர்களுக்கு எந்தக் கல்லிலும் பெயர் இல்லை.

இதைச் சொல்லும் எனக்கும் ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. அப்பா ஒரு நோட்டு வைத்திருந்தார். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைப்பதைப் பாடு என்போம். அந்தக் கணக்கெல்லாம் அதில் இருந்தது. அப்பா காலமான வருஷம் வீட்டைச் சுத்தம் செய்தபோது, பழைய பேப்பரோடு சேர்த்து நானே எடைக்குப் போட்டுவிட்டேன். மொத்தம் நாற்பது ரூபாய். இன்று பேரன் கேட்கிறான், என்னிடம் நோட்டும் இல்லை, அப்பாவும் இல்லை.

"எல்லாத்தையும் எங்கே டீச்சர் வைக்கிறது? ரெண்டு ரூம் வீடு, கரையான் வேற" என்று கேட்பீர்கள். நியாயம்தான். எல்லாவற்றையும் வைக்க வேண்டாம். தூக்கிப் போடும் முன் ஒரு போட்டோ எடுங்கள். யாருடையது, எப்போது வாங்கியது, எதற்குப் பயன்பட்டது என்று நாலு வரி எழுதுங்கள். கதை தெரியாத பொருள் வெறும் காயலான் சரக்கு. கதை தெரிந்தால் அதுவே ஆவணம்.

இன்னொன்று. ஊர் சுற்றப் போகும்போது பெரியவர்களை வீட்டில் விட்டுப் போகாதீர்கள். வீட்டில் கேட்டால் "என்னத்தச் சொல்ல" என்கிற அண்ணன், சாயங்காலம் கரையில் நின்றதும் தானாகப் பேச ஆரம்பித்தார். ராக்கெட் தளம் வந்தபோது ஸ்ரீஹரிகோட்டாவை விட்டுக் கிளம்பிய குடும்பங்களைப் பற்றி அரை மணி நேரம் சொன்னார். பேரன் போனில் பதிவு செய்துகொண்டான். எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத சரித்திரம் அது.

பழவேற்காடு வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள். ஆனால் படகு சவாரிக்கு ஆசைப்படாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் போனதை மறக்க முடியாது. கரையில் நின்றே பாருங்கள். போகும்போது பனையோலைக் கூடை ஒன்று வாங்குங்கள், பின்னியவர் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள்.

என் பழைய மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு பழைய பொருளை எடுத்து, வீட்டுப் பெரியவரிடம் கேட்டு நாலு வரி எழுதி எனக்கு அனுப்புங்கள். மார்க் கிடையாது. ஆனால் கட்டாயம் படித்துப் பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்