ஒரு சொட்டு ரத்தமும் காரைக்கால் ஈரக்காத்தும்

காரைக்கால்ல மே மாசம் வேர்க்காத ஆள் யாரு? அதனாலதான் இந்த நோயைப் பத்தி நாம யோசிக்கணும்ங்கிறேன்.

சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ், பரம்பரை நோய். சிஎஃப்டிஆர் மரபணு பழுதானா உடம்புக்குள்ள சளி கெட்டியாகி நுரையீரலையும் கணையத்தையும் அடைக்கும். வியர்வையோட உப்பும் அளவுக்கு மீறி வெளியேறும். 'வெள்ளைக்காரங்க நோய்'னு ரொம்ப நாள் ஒதுக்கி வச்சிருந்தாங்க. நம்ம நாட்டுக் குழந்தைகளுக்கும் வருது. கோடையில் கைக்குழந்தை உப்புச்சத்து குறைஞ்சு துவண்டா, 'வெயில் தாங்கல'ன்னு டிரிப்ஸ் ஏத்தி அனுப்பிடுறதுக்கு இங்க வாய்ப்பு ஜாஸ்தி.

பிறந்த உடனே துப்பு கிடைக்க ஒரு வழி இருக்கு. கணையக் குழாய் கருவிலேயே அடைபடுறதால, குடலுக்குப் போக வேண்டிய ட்ரிப்சினோஜென் ரத்தத்தில் கசியுது. குதிகால்ல குத்தி ஃபில்டர் பேப்பர் கார்டில் எடுக்கிற சொட்டு ரத்தத்திலேயே அதை அளக்கலாம்னு 1979-ல் நியூசிலாந்து ஆராய்ச்சியாளர்கள் காட்டினாங்க. அளவு கூடினா நோய் உறுதின்னு இல்லை, குறைமாசக் குழந்தைக்கும் கூடலாம். அதனால 2, 3 வாரத்தில் இன்னொரு தடவை பார்த்துட்டு, அப்புறம் வியர்வைச் சோதனை. ஐரோப்பியர்களுக்காகத் தேர்ந்தெடுத்த மரபணுப் பட்டியலை அப்படியே வச்சுத் தேடினா நம்ம ஆட்கள் பலர் தப்பிப் போவாங்க. ரொம்பத் தள்ளிப்போடவும் முடியாது. கணையம் கெடக் கெட அந்த அளவும் இறங்கிடும்.

'அபூர்வ நோய்க்கு இவ்வளவு செலவா?'ன்னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா பிறவித் தைராய்டு குறைபாட்டையும் அதே கார்டிலேயே பார்க்கலாம். பச்சிளங்குழந்தைகள் எல்லாருக்கும் இப்படிப் பரிசோதனைங்கிறது நாடு முழுக்க இன்னும் வரல. சின்ன மாநிலமான கோவா 2008-லேயே ஆரம்பிச்சுது. காரைக்கால் அதைவிடச் சின்னது.

எனக்கு உறுத்துறது வேற. கார்டு மூணு நாலு மணி நேரம் நல்லாக் காயணும். சூடும் ஈரமும் பட்டா ட்ரிப்சினோஜென் அளவு குறைஞ்சு காட்டும், நோயுள்ள குழந்தையும் 'நார்மல்' ஆயிடும். நம்ம கடற்கரைக் காத்து எப்படின்னு ஹாஸ்டல் கொடியில் துணி காயப்போட்டவனுக்குத் தெரியும். பாண்டிச்சேரி லேபுக்கு அனுப்பறதுன்னாலும் நடுவுல சுமார் 130 கிலோமீட்டர், பாதி வழி வெயில்ல நிக்கிற வண்டி.

ஈரப்பதத்தைக் கட்டுக்குள்ள வைக்கிற ஒரு காயவைக்கும் பெட்டி, வழி முழுக்க வெப்பநிலையைப் பதிவு பண்ற ஒரு சின்ன சென்சார். ஃபைனல் இயர் பசங்களுக்கு இது எட்டாத வேலையா? போன வருஷம் மட்டும் எத்தனை ஸ்மார்ட் டஸ்ட்பின் செஞ்சோம்!