நூபுர கங்கையில குளிச்சா மனசு லேசாகுமா?

அழகர்கோவில் மலை மேல, பழமுதிர்சோலையையும் தாண்டிப் போனா ராக்காயி அம்மன் கோயில். அங்கதான் நூபுர கங்கை. தண்ணிக்குத் தலையைக் கொடுத்ததும் 'ஆத்தாடி'னு ஒரு கத்தல், அடுத்து ஒரு சிரிப்பு. குளிச்சுட்டு வர்றவங்களைக் கேட்டா, "மனசே லேசாயிருச்சு" என்பார்கள்.

இன்ஸ்டாவைத் திறந்தால், ஐஸ் மிதக்கும் டப்பில் உட்கார்ந்துகொண்டு இதே டயலாக்! நெதர்லாந்தின் விம் ஹோஃப் பிரபலமாக்கிய ட்ரெண்ட் இது. அதோடு நின்றால் பரவாயில்லை. 'டிப்ரெஷனுக்கு மாத்திரை எதுக்கு, ஐஸ் பாத் போதும்' என்று சிலர் கிளம்பியிருப்பதுதான் பயமாக இருக்கிறது.

சில்லென்ற தண்ணீர் பட்டதும் மூச்சு வாங்கும், ரத்த அழுத்தம் கூடும், நார்அட்ரினலின் எகிறும். 2000-ல் வெளியான ஓர் ஆய்வில் 14 டிகிரி தண்ணீரில் உட்கார்ந்த இளைஞர்களுக்கு டோபமைன் 250 சதவிகிதம் கூடியது. ஐஸ் பாத் ஆட்கள் அடிக்கடி சொல்லும் நம்பர் இது. ஆனால், அந்த இளைஞர்கள் உட்கார்ந்திருந்தது ஒரு மணி நேரம்!

2025 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 'பிளாஸ் ஒன்' இதழில் 11 ஆய்வுகளை, மொத்தம் 3,177 பேரை, சேர்த்து அலசினார்கள். குளித்து 12 மணி நேரம் கழித்து ஸ்ட்ரெஸ் குறைந்திருந்தது. உடனே குறையவில்லை; 24 மணி நேரத்துக்குப் பிறகும் அந்தப் பலன் தெரியவில்லை. மூடு மாறியதற்கு ஆதாரம் இல்லை. இத்தனைக்கும் அதெல்லாம் 15 டிகிரி, அதற்கும் கீழான தண்ணீர். மதுரைப் பக்கத்துச் சுனை அந்தளவுக்கெல்லாம் குளிராது.

அப்போ நூபுர கங்கையில் லேசான மனசு பொய்யா? இல்லவே இல்லை. காலையிலேயே கிளம்பி, மரநிழலில் மலையேறி, குரங்குகிட்ட இருந்து பையைக் காப்பாத்தி, நனையக் கூடாதுன்னு போனை உள்ளே வச்சுட்டு, வீட்டு ஆட்களோட வரிசையில நிக்கிறோம். இதில் தண்ணீரின் பங்கு எவ்வளவு, போன் கையில் இல்லாததன் பங்கு எவ்வளவு? என் ஓட்டு போனுக்குத்தான்.

ஆனால், ரெண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் கிடந்தால் கதையே வேற. திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோயிலில், மனநலம் பாதிக்கப்பட்டவர்களின் முகத்தில் தீர்த்தம் தெளிப்பது காலங்காலமான வழக்கம். இன்று அதே கோயிலின் மனநல மறுவாழ்வு மையத்தில் மருத்துவரும் பார்க்கிறார், மாத்திரையும் உண்டு. தீர்த்தத்தை யாரும் நிறுத்தவில்லை.

இதய நோய், பி.பி. இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஐஸ் டப் பக்கமே போகாதீர்கள். பேச ஆள் வேண்டுமென்றால் மத்திய அரசின் 'டெலி மானஸ்' நம்பர் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.