எட்டாம் வகுப்பும் இரண்டு மாதமும்

பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையிலான கிராமப்புறப் பிள்ளைகளில் கால்வாசிப் பேருக்கு, இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தங்கள் வட்டார மொழியிலேயே தடையின்றிப் படிக்க வரவில்லை. பிரதம் நிறுவனம் 26 மாநிலங்களில் 28 மாவட்டங்களில் நடத்திய 2023-ஆம் ஆண்டு ஆய்வு கூறும் செய்தி இது. பள்ளியை எட்டிப் பாராத பிள்ளைகள் என்று இவர்களைத் தள்ளிவிட முடியாது. ஆய்வுக்கு உட்பட்டோரில் நூற்றுக்கு 86 பேருக்கு மேல் ஏதேனும் ஒரு கல்விக்கூடத்தின் பதிவேட்டில் இருப்பவர்கள்.

மத்திய அரசு 2021-ல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், 2026-27-க்குள் மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் எழுதப் படிக்க அறிந்திருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. நல்ல இலக்குதான். ஆனால் அத்திட்டம் வருமுன்பே மூன்றாம் வகுப்பைக் கடந்துவிட்டவர்களின் கதி என்ன?

இவ்விஷயத்தில் தலைநகரின் அனுபவம் கவனிக்கத்தக்கது. தில்லி அரசு 2016-ல் தன் பள்ளிகளில் சோதித்துப் பார்த்தபோது, ஆறாம் வகுப்பு மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குத் தங்கள் ஹிந்திப் பாடநூலையே படிக்க முடியவில்லை. 'சுனௌதி' என்ற திட்டம் அதன் பேரில் பிறந்தது. வகுப்பைப் பாராமல், படிக்கும் திறனைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து, அவரவர் நிலையிலிருந்து கற்பிப்பது அதன் முறை. 2018-ல் 'மிஷன் புனியாத்' அதனைத் தொடர்ந்தது. நோயை ஒப்புக்கொண்ட துணிவைப் பாராட்டத்தான் வேண்டும். எனினும் திரும்பத் திரும்பத் தோற்றவர்களை அஞ்சல்வழிக் கல்விக்கு அனுப்பியதில் தேறியவர்கள் மிகச் சொற்பம். வகுப்பறையில் ஆசிரியர் எதிரே உட்கார்ந்து கற்க முடியாததைத் தபாலில் கற்றுவிடுவான் என்று எண்ணியது விசித்திரமே.

மேலும், மொழியைப் பொறுத்தவரை இத்திட்டங்கள் பெரிதும் கவனிப்பது படிப்பதைத்தான். எழுதுவதை யாரும் கண்டுகொள்வதில்லை. கரும்பலகையில் உள்ளதை நோட்டில் பிரதி செய்வதும், கைடு நூலின் விடையை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதுமே எழுத்து என்று ஆகிவிட்டது. தான் கண்டதைப் பத்து வரியில் சொந்தமாக எழுதச் சொன்னால் பத்தாம் வகுப்புப் பையன் விழிக்கிறான். பள்ளியில் நூலக அலமாரி இருக்கும். சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் தெரியாது.

இந்நிலையில் 2024 டிசம்பரில் மத்திய அரசு விதிகளைத் திருத்தியது. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தோற்கும் மாணவனுக்குக் கூடுதல் போதனை அளித்து, இரண்டு மாதத்திற்குள் மறுதேர்வு நடத்த வேண்டும். அதிலும் தவறினால் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாம். தில்லி அதற்கு முன்பே இவ்வழிக்கு வந்துவிட்டது. எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு மேல் வகுப்புக்குத் தள்ளியது தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால் எட்டு வருஷத்தில் கற்பிக்காததை இரண்டு மாதத்தில் யார் கற்பிப்பது? அதே ஆசிரியர்தான், அதுவும் மற்ற வேலைகளுக்கு நடுவே! ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒவ்வொருவரையும் சோதித்து, தினமும் ஒரு பீரியடை வாசிப்புக்கும் எழுத்துக்கும் ஒதுக்கி, அதற்கென ஆசிரியர்களைப் பயிற்றுவித்தால் மறுதேர்வுக்கு வேலை குறையும்.

தலைநகரின் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சுமை இன்னும் அதிகம். வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, புத்தகத்தில் ஆங்கிலம் என்று மூன்று எழுத்துகளோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஜங்புரா மதராசி கேம்ப் 2025 ஜூனில் இடிக்கப்பட்டபோது, மாற்று வீடு பெறத் தகுதியுள்ளவர்கள் என்று ஏற்கப்பட்ட குடும்பங்களுக்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் இடம் தரப்பட்டது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றுகூட அந்தப் பக்கத்தில் இல்லை. அங்கே எட்டாம் வகுப்பில் தவறும் பிள்ளைக்கும் அதே இரண்டு மாதம்தான்.