நம் சந்தாவும் நம் மருத்துவமனையும்

தொம்மலூரை அடுத்த இந்திராநகரில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருப்பதை அன்பர்கள் அறிவர். 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் காப்பீட்டுச் சட்டத்தின்வழி எழுந்த இத்தகைய நிலையத்தின் பலம், பலவீனம், வாய்ப்பு, அபாயம் ஆகிய நான்கையும் ஈண்டு எடைபோட்டுப் பார்க்கிறோம்.

இதன் பலம் சந்தாவில் உள்ளது. 2019 ஜூலை முதல், ஊதியத்தில் நூற்றுக்கு 0.75 பங்கு தொழிலாளியும் 3.25 பங்கு முதலாளியும் செலுத்துகின்றனர். ஆதலின் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்தார்க்கும் இங்குக் கிடைக்கும் மருத்துவம் தானமன்று, உரிமையாகும்.

பதிவு பெற்றோர்க்கே கதவு திறப்பது இதன் பலவீனம். வீட்டுவேலை செய்யும் நம் சகோதரிகள் பலர் வெளியே நிற்கின்றனர்.

வாய்ப்பு யாதெனில், காப்பீட்டு எண் வாழ்நாள் முழுதும் ஒன்றே. ஓசூரில் பெற்ற எண் இங்கும் செல்லும். ஊரில் தங்கிய மனைவி மக்கள் அங்குள்ள நிலையத்திலேயே சிகிச்சை பெறலாம்.

சந்தாவைப் பிடித்தம் செய்துகொண்டு கழகத்திற்குச் செலுத்தாத ஒப்பந்தக்காரரே அபாயம். இக்கேடு நோயுற்ற நாளில்தான் பலர்க்கும் தெரியவருகிறது.

கட்டிடமும் கருவியும் பெருகுதல் நன்றே. ஆயினும் ஏட்டில் பெயரில்லாத தொழிலாளிக்கு அவற்றால் பயனென்ன? ஆகவே, தத்தம் எண்ணையும், சந்தா வரவையும், குடும்பத்தார் பெயர்கள் சேர்ந்துள்ளனவா என்பதையும் இத்திங்களே சரிபார்த்துக்கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.